பெருவுக்கு எந்த மாதம் போகலாம்? மலைக்கு ஒரு கணக்கு, கரைக்கு ஒரு கணக்கு, காட்டுக்கு ஒரு கணக்கு

பெரு நாட்டுக்குப் போக நல்ல காலம் எது என்று தேடினால், "மே முதல் செப்டம்பர் வரை" என்று ஒரே வரியில் பதில் வரும். மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்கு அது சரியான பதில்தான். ஆனால் அதே மாதங்களில் தலைநகர் லீமாவில் நான்கு நாள் தங்குகிறவர்கள் ஒருமுறைகூட வெயிலைப் பார்க்காமல் கிளம்புவது சாதாரணம். ஜனவரியில் போனால் நிலைமை தலைகீழ். லீமாவில் பளீரென்று வெயில் அடிக்கும், மலைநகரமான குஸ்கோவில் பிற்பகலானால் மழை பிடித்துக்கொள்ளும். அமேசான் காட்டுப் பக்கம் போனால் இந்த இரண்டோடும் ஒட்டாத மூன்றாவது கணக்கு.

பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ 10 மடங்கு பெரிய நாடு அது. கடல்மட்டத்திலிருந்து 6,768 மீட்டர் உயர வாஸ்கரான் சிகரம் வரை ஏறி, மறுபக்கம் அமேசான் சமவெளியில் இறங்குகிறது. முழு நாட்டுக்கும் ஒரே மாதத்தைப் பொருத்தப் பார்ப்பதுதான் முதல்முறை போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை. இடங்களை முதலில் முடிவு செய்யுங்கள், மாதம் அதன்பின் தானாக அமையும்.

ஒரு தாளை எடுத்து இடங்களை எழுதுங்கள்

பார்க்க ஆசைப்படும் இடங்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கரை, மலை, காடு என்று குறித்துக்கொள்ளுங்கள். லீமா, பராக்காஸ், இக்கா, நாஸ்கா, ட்ருஹியோ, மன்கோரா எல்லாம் கரை. குஸ்கோ, மச்சு பிச்சு, அரெக்கிப்பா, கோல்கா பள்ளத்தாக்கு, தித்திகாக்கா ஏரி, வராஸ் எல்லாம் மலை. இக்கீட்டோஸ், புவேர்ட்டோ மால்டொனாடோ, மானு ஆகியவை காடு.

பிறகு, எதைப் பார்க்காமல் திரும்பினால் மனம் ஆறாதோ அந்த ஓர் இடத்தின் கீழே மட்டும் கோடு போடுங்கள். உங்கள் மாதத்தை அந்த இடம்தான் தீர்மானிக்கும். மற்ற இடங்களில் கொஞ்சம் மூட்டமோ மழையோ இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்று பகுதியும் ஒருசேரச் சிறப்பாக இருக்கும் மாதம் என்று ஒன்று இல்லை. ஓரளவு ஒத்துவரும் மாதங்கள் உண்டு, அவற்றைப் பின்னால் பார்க்கலாம்.

மலை: குளிரைவிட மழையைப் பாருங்கள்

பெரு தென்கோளத்தில் இருப்பதால் ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். இதைப் படித்துவிட்டு "குளிரில் எதற்குப் போவது" என்று டிசம்பரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய. மலைப்பகுதியில் அது தப்புக் கணக்கு. அங்கே வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. குஸ்கோவில் ஜூனிலும் ஜனவரியிலும் நண்பகல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மாறுவது மழையும் இரவுக் குளிரும்தான். ஜனவரியில் குஸ்கோவில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும். ஜூனில் 10 மில்லிமீட்டர்கூடத் தேறாது.

நவம்பர் முதல் மார்ச் வரை அமேசான் பக்கமிருந்து ஈரக்காற்று மேலேறி ஆண்டிஸ் மலையில் மோதிக் கொட்டுகிறது. ஜனவரியும் பிப்ரவரியும் உச்சம். ஏப்ரலில் மழை விலகத் தொடங்கும், மே மாதம் வானம் தெளிந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கடும் வறட்சி. செப்டம்பர் கடைசியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூறல் திரும்பும்.

வறண்ட மாதங்களில் மேகம் இல்லாததால் பகல் சூடு ராத்திரியில் நிற்பதில்லை. 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோவில் ஜூன், ஜூலை இரவுகளில் பூச்சியத்தைத் தொடும். 3,812 மீட்டரிலுள்ள தித்திகாக்கா ஏரிக்கரையில் அதற்கும் கீழே போகும். சிக்கன விடுதிகள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. மூன்று கம்பளி தருவார்கள், கேட்டால் ஒரு வெந்நீர்ப் பையும் கொடுப்பார்கள். அறை பதிவு செய்யும்போதே ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுவிடுங்கள். மறுநாள் காலை 10 மணிக்கு வெயிலில் நின்றால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும், இரண்டடி தள்ளி நிழலில் நின்றால் மறுபடி போடத் தோன்றும். கனமான ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு உடைதான் அங்கே உதவும். அந்த உயரத்தில் வெயில் குளிரோடு சேர்ந்தே சுடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் எந்த மாதத்துக்கும் வேண்டும்.

மழைக்காலத்தைக் கண்டு ஒரேயடியாக ஒதுங்கவும் தேவையில்லை. நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் பெரும்பாலும் காலை வெளுத்திருக்கும், மழை பிற்பகலில்தான் வரும். மலைச்சரிவெல்லாம் பச்சை. கூட்டம் பாதி. சிக்கல் ஜனவரி, பிப்ரவரியில்தான். மழை விடாமல் பெய்தால் சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் கலந்து இறங்கும். அந்த ஊரில் இதற்கு ஹுவாய்க்கோ என்று பெயர். சாலையையும் ரயில்பாதையையும் அது மறித்துவிடும். 2010 ஜனவரி கடைசியில் உருபம்பா ஆறு பெருகி மச்சு பிச்சுவுக்கான ரயில்பாதையை அரித்துப் போனபோது, ஏறத்தாழ 4,000 பயணிகள் சிக்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். மச்சு பிச்சு ஏப்ரல் வரை மூடிக் கிடந்தது. அவ்வளவு பெரிய சேதம் அடிக்கடி வருவதில்லை. ஆனாலும் ஒருநாள், இரண்டு நாள் தடங்கல் அந்த மாதங்களில் எந்த ஆண்டும் வரலாம்.

ரயில் விஷயத்தில் இன்னொன்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை குஸ்கோ பக்கத்திலிருந்து நேராக ரயில் ஓடாது. முதலில் பேருந்தில், குஸ்கோவுக்கும் மச்சு பிச்சுவுக்கும் நடுவிலுள்ள புனிதப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து ரயில் ஏற்றுவார்கள். டிக்கெட்டில் எந்த இடம், எத்தனை மணி என்று போட்டிருப்பதைக் கவனிக்காமல் ரயில் நிலையத்துக்குப் போய் நின்று வண்டியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. ஹித்ரோஎலெக்த்ரிக்கா என்ற நீர்மின் நிலையம் வரை வேனில் போய் மீதியை நடக்கும் மலிவு வழி ஒன்றும் இருக்கிறது. மழை மாதங்களில் அதைத் தொடவே தொடாதீர்கள். பாறை சரியும் ஒடுங்கிய மலைச்சாலை அது.

மச்சு பிச்சு: மாதத்துக்கு ஏற்ற மணி

மாதத்தை முடிவு செய்துவிட்டால் போதாது, நுழைவு மணியையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிக்கெட் மணிவாரியாகத்தான் தருகிறார்கள். மச்சு பிச்சு 2,430 மீட்டர் உயரத்தில், மழைக்காடு தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. இரவில் கீழே உருபம்பா ஆற்றுப் பள்ளத்தில் தேங்கும் ஈரம் விடியும்போது மேகமாக மேலே எழுகிறது. ஜூன், ஜூலையில் அது சீக்கிரம் கலையும். சூரியன் எதிர்முகட்டைத் தாண்டி இடிபாடுகள்மேல் படும்போது 7 மணி ஆகும். அந்த நேரத்தில் சுவரின் ஒவ்வொரு கல் இடுக்கும் நிழலோடு தனித்தனியாகத் தெரியும். அதனால் வறண்ட மாதங்களில் 6 மணி டிக்கெட்டை எடுங்கள்.

அதே 6 மணி டிக்கெட்டோடு ஜனவரியில் போய் நின்றால் எதிரே வெள்ளைத் திரைதான் இருக்கும். கைக்கெட்டும் தூரத்துச் சுவர் தெரியும், அதற்கப்பால் எதுவும் தெரியாது. 9 மணிக்குமேல் மூட்டம் கிழியத் தொடங்கி, இடிபாடுகளுக்குப் பின்னால் நிற்கும் வைனா பிச்சு மலையின் முனை முதலில் எட்டிப்பார்க்கும். ஆனால் அதற்குள் உங்களுக்கான நேரம் முடிந்துவிடும், ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதனால் மழை மாதங்களில் 9 மணி அல்லது 10 மணி டிக்கெட் எடுப்பதே நல்லது. பிற்பகல் மழைக்கும் முந்திக்கொள்ளலாம்.

குடையை உள்ளே அனுமதிப்பதில்லை. மழைக்கோட்டு வேண்டும். ஊன்றுகோல் வைத்திருந்தால் முனையில் ரப்பர் இருக்க வேண்டும். உள்ளே கழிப்பறை கிடையாது.

டிக்கெட்டில் மூன்று சுற்றுவழிகள் இருக்கும். படங்களில் பார்த்த அந்தக் காட்சியும் வேண்டும், உள்ளே நடந்தும் பார்க்க வேண்டும் என்றால் 2-ஆம் வழி. வைனா பிச்சு ஏறும் டிக்கெட் 3-ஆம் வழியைச் சேர்ந்தது. அதை மட்டும் வாங்கினால் மேல்படிக்கட்டிலிருந்து தெரியும் அந்தப் பெயர்பெற்ற காட்சி கிடைக்காது. இதை அங்கே போனபிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 2-ஆம் வழி டிக்கெட் வாரக்கணக்கில், சில தேதிகளுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். விமான டிக்கெட்டுக்கு முன்பே பெரு கலாசார அமைச்சகத்தின் தளத்தில் தேதி இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். ஒரு பகுதி டிக்கெட்டை மலையடிவார ஊரான அகுவாஸ் கலியெந்தெஸில் நேரில் விற்கிறார்கள். ஆனால் சீசனில் அதை நம்பிப் போனால் ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேரும்.

இன்கா பாதையில் நடக்க நினைத்தால்

4 நாள், ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நடந்து மச்சு பிச்சுவுக்குள் நுழையும் இன்கா பாதைக்கு விதிகள் கெட்டியானவை. நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. சுமை தூக்குபவர்கள், வழிகாட்டிகள் எல்லாரும் அதில் அடக்கம். மீதி பயணிகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 இடம். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் பதிய முடியும். பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள். மச்சு பிச்சு அப்போதும் திறந்தே இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பிப்ரவரியில் மச்சு பிச்சுவே மூடியிருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை நடக்க வேண்டுமானால் ஐந்தாறு மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். அனுமதிச் சீட்டில் இருக்கும் பாஸ்போர்ட் எண்ணும் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். பதிந்தபிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டால் சால்கந்தாய், லாரெஸ் ஆகிய பாதைகளில் போகலாம், அவற்றுக்கு இந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை.

இன்கா பாதையில் மிக உயரமான கணவாய் 4,215 மீட்டர். இரண்டாம் நாள் அதைக் கடக்க வேண்டும். மழையில் அந்தக் கற்படிகள் வழுக்கும், இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். நடைப்பயணத்துக்கு நல்ல மாதம் மே. மழை ஓய்ந்த கையோடு மலை பச்சையாக இருக்கும், தூசி இருக்காது, இரவுக் குளிரும் இன்னும் உறைக்காது.

வராஸ் பக்கத்துப் பனிமலைகளில் நடக்கிறவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் காலம், அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 4,750 மீட்டர் கணவாயில் மழை, பனியாகக் கொட்டும். வண்ணமலை என்று பேர்பெற்ற வினிகுன்காவும் அப்படித்தான். 5,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் மழைக்காலத்தில் வண்ணங்களின்மேல் வெண்பனி மூடிக்கிடக்கும். அரெக்கிப்பா மட்டும் விதிவிலக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை கொஞ்சம் மழை, மற்ற நாளெல்லாம் வெயில். அங்கிருந்து கோல்காவுக்குப் போய்க் கழுகுகளில் பெரியதான காண்டோரைப் பார்க்க மே முதல் அக்டோபர் வரை நல்லது. காலை வெயில் ஏறி, வெப்பக்காற்று பள்ளத்திலிருந்து எழும்போது இறக்கை அசைக்காமல் அதன்மேல் மிதந்து வரும். மழைமூட்டம் இருந்தால் அந்தக் காற்று எழுவதில்லை.

கரை: மழையே இல்லாத மூட்டம்

லீமா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 12 பாகையில் இருக்கிறது, சென்னை வடக்கே 13 பாகையில். வரைபடத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வெக்கை என்றுதான் தோன்றும். ஆனால் லீமாவை ஒட்டி ஹம்போல்ட் என்ற குளிர்நீரோட்டம் ஓடுகிறது. கடல்மேல் காற்று குளிர்ந்து தாழ்வாகவே தேங்கி, மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுகிறது. மேகம் உண்டாகும், ஆனால் உயர முடியாது, மழையாகவும் முடியாது.

ஜூன் முதல் அக்டோபர் வரை இதுதான் நிலை. 15 முதல் 19 டிகிரி, சாம்பல் நிற வானம். லீமாக்காரர்கள் அதைக் கழுதை வயிறு என்பார்கள். கருவா என்று ஒரு தூறல் இறங்கும். துளி கண்ணுக்குத் தெரியாது. நடைபாதை பளபளக்கும், கண்ணாடி போட்டவர்கள் அடிக்கடி துடைத்துக்கொள்வார்கள், காயப்போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அளக்கும் மழை சில சென்டிமீட்டரைத் தாண்டாத நகரத்தில், அந்த மாதங்களில் எல்லாமே நமுத்துப் போயிருக்கும். குளிர் எண்ணில் பெரிதாகத் தெரியாது, எலும்பில் தெரியும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை லீமா வேறு ஊர். 25 முதல் 28 டிகிரி, நல்ல வெயில், கடற்கரையெல்லாம் ஜனம். கடலில் இறங்க ஆசை இருந்தால் அந்த மாதங்களில்தான் முடியும், அப்போதும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். மூட்ட மாதங்களில் லீமாவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. மூட்டம் தாழ்வானது என்பதால், கிழக்கே சோசிக்கா வரை மேலே போனால் அதைத் தாண்டி வெயிலில் வந்துவிடலாம். உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் செய்கின்றன.

இக்கா, வக்காச்சினா மணற்குன்றுகள், நாஸ்கா ஆகியவை உள்ளே தள்ளி இருப்பதால் ஆண்டு முழுவதும் வறட்சி, வெயில். பாலைநிலத்தில் பெரிதாக வரையப்பட்ட பழங்கால உருவங்களான நாஸ்கா கோடுகளைப் பார்க்கச் சிறு விமானத்தில் ஏறுகிறவர்கள் காலை நேரத்தையே கேளுங்கள். பிற்பகலில் காற்று அதிகம், விமானம் ஆடும், வயிறு குமட்டும். மூடுபனி இருந்தால் காலை விமானமும் தாமதமாகும், அதனால் அன்று மாலை வேறு ஊருக்கு டிக்கெட் போட்டுவைக்காதீர்கள். பராக்காஸில் ஆகஸ்டை ஒட்டி மணல்காற்று கடுமையாக வீசும். அந்தக் காற்றுக்கே பராக்காஸ் என்றுதான் பெயர். அது வீசும் நாளில் அருகிலுள்ள பையெஸ்தாஸ் தீவுகளுக்குப் படகு விடமாட்டார்கள். வடக்கே மன்கோராவில் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் கரைக்கு அருகில் வரும்.

காடு: இக்கீட்டோஸ் ஒரு விதம், மால்டொனாடோ வேறு விதம்

அமேசான் என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. வடக்கே இருக்கும் இக்கீட்டோஸுக்குச் சாலையே கிடையாது, விமானம் அல்லது படகுதான். அங்கே மழையில்லாத மாதம் என்று எதுவும் இல்லை. எனவே மழையைப் பார்க்காமல் ஆற்று மட்டத்தைப் பாருங்கள். டிசம்பர் முதல் மே வரை நீர் ஏறும். ஆறு கரைமீறிக் காட்டுக்குள் புகுந்துவிடும், சிறு தோணியில் மரக்கிளைகளுக்கு நடுவே மிதந்து போகலாம். குரங்குகளும் பறவைகளும் கண்மட்டத்துக்கு வரும். ஜூன் முதல் நவம்பர் வரை நீர் இறங்கும். நடைபாதைகள் வெளிப்படும், மணல்திட்டுகள் தெரியும், மீன்பிடிக்க நல்ல காலம். முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை நீர் ஏறிய காலம். நடந்து போய் எட்டமுடியாத காடு அப்போதுதான் திறக்கிறது. மலைப்பயணத்துக்குக் கெட்ட மாதங்களில் விடுமுறை அமைந்தவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

தெற்கே புவேர்ட்டோ மால்டொனாடோ, தம்போபாத்தா, மானு ஆகிய இடங்களுக்கு மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஆற்றங்கரைக் களிமண் சுவரைக் கொத்தித் தின்னப் பஞ்சவர்ணக்கிளிகள் கூட்டமாக இறங்குவதை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நன்றாகப் பார்க்கலாம். மழை பெய்யும் காலையில் அவை வருவதில்லை. ஒரு எச்சரிக்கை: மே முதல் ஆகஸ்டுக்குள் தெற்கிலிருந்து ஃப்ரியாஹே என்ற குளிர்காற்று சில முறை புகும். 30 டிகிரியில் இருக்கும் காடு ஒரே இரவில் 10, 12 டிகிரிக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். காட்டுக்குத்தானே என்று ஸ்வெட்டரைக் குஸ்கோ விடுதியிலேயே விட்டுப் போகாதீர்கள்.

நம் விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை பெருவுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஏப்ரல் கடைசியில் மழை ஒழிந்துவிடும், மே முழுவதும் மலை உச்சநிலையில் இருக்கும், லீமாவிலும் மூட்டம் முழுதாக மூடியிருக்காது. ஐரோப்பிய, அமெரிக்கக் கூட்டம் ஜூன் நடுவில்தான் வரத் தொடங்கும். ஒரே ஒரு காலத்தைச் சொல்லச் சொன்னால் மே 5 முதல் 30 வரை என்போம். காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசியும் நல்லதே. மலை காய்ந்து பழுப்பாக இருக்கும், ஆனால் கூட்டம் வடிந்திருக்கும், தம்போபாத்தாவில் கிளிகள் உச்சத்தில் இருக்கும். அரையாண்டு விடுமுறையில்தான் போகமுடியும் என்றால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். கரைக்கும் இக்கீட்டோஸுக்கும் அதிக நாள் ஒதுக்கி, மச்சு பிச்சுவுக்கு 10 மணி டிக்கெட்டும் ஒரு உபரி நாளும் வையுங்கள்.

திருவிழாக்களையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில சமயம் அவை பயணத்துக்குக் காரணமாகும், சில சமயம் முட்டுக்கட்டையாகும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இந்தி ராய்மி, சூரியனுக்கான இன்கா விழா. அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர தின விடுமுறை. நாடே ஊருக்குக் கிளம்பும், பேருந்துக் கட்டணமும் அறை வாடகையும் ஏறும். ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் அப்படியே. பிப்ரவரி முதல் பாதியில், தித்திகாக்கா ஏரிக்கரையிலுள்ள புனோவில் கன்டெலாரியா மாதா விழா நடக்கும். முகமூடி ஆட்டக்குழுக்கள் வாரக்கணக்கில் தெருவை நிறைக்கும். மழைக்காலமாக இருந்தாலும் அதற்காகவே போகலாம்.

நாள் வரிசையை உயரம் தீர்மானிக்கட்டும்

மாதம் சரியாக அமைந்தும் பயணம் கெடுவது பெரும்பாலும் உயரத்தால். லீமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் 3,400 மீட்டரில் இறங்குகிறீர்கள். அன்று மாலையே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். இளைஞர், திடகாத்திரமானவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், 2,800 மீட்டரிலுள்ள ஒயாந்தாய்தம்போ பக்கம் நேரே இறங்கிவிடுங்கள். இரண்டு இரவு அங்கே, பிறகு மச்சு பிச்சு, கடைசியில் குஸ்கோ என்று வைத்துக்கொண்டால் உடம்பு பழகிவிடும்.

15 நாள் கையில் இருந்தால் இன்னும் நல்ல வழி தரைவழிதான். லீமா, பராக்காஸ், நாஸ்கா, 2,335 மீட்டரில் அரெக்கிப்பா, அங்கிருந்து கோல்கா, புனோ, குஸ்கோ என்று படிப்படியாக ஏறலாம். கோல்கா போகும் வழியில் மட்டும் 4,900 மீட்டர் கணவாய் ஒன்று குறுக்கே வரும். வண்டியிலிருந்து இறங்கினால் மெதுவாக நடங்கள். வினிகுன்கா, வராஸ் ஏரிகள் போன்றவற்றை முதல் மூன்று நாளில் வைக்கவே கூடாது. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் புறப்படக் கூடாது. உயரத்தால் வரும் தொந்தரவுக்கான அசெட்டசோலமைடு மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கோக்கா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கொடுப்பார்கள், இதமாக இருக்கும். இலையை ஊருக்கு எடுத்து வராதீர்கள், இந்தியாவில் அது சட்டவிரோதம்.

எப்போது எதைச் செய்ய வேண்டும்

ஆறு மாதம் முன்பு இன்கா பாதை அனுமதியைப் பதியுங்கள். நான்கு மாதம் முன்பு விசா, விமானம். குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குப் பெருவுக்குத் தனி விசா தேவையில்லை. மற்றவர்கள் டெல்லியிலுள்ள தூதரகத்தில் எடுக்க வேண்டும். விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறினாலும் அந்நாட்டு விசா வேண்டும், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும்கூட. விலை குறைவு என்று மயாமி வழியே டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசியில் விமானம் ஏற முடியாமல் நிற்பது இதனால்தான்.

மூன்று மாதம் முன்பு மச்சு பிச்சு டிக்கெட், அதன் மணிக்கு ஏற்ப ரயில். இந்த வரிசை மாறக்கூடாது. ரயிலை முதலில் எடுத்துவிட்டால், கிடைக்கிற நுழைவு மணிக்கு அது பொருந்தாமல் போகும்.

ஒரு மாதம் முன்பு மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசி. காட்டுப் பக்கமே போகாவிட்டாலும் இந்தியர்களுக்கு இது முக்கியம். பெரு, மஞ்சள்காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தல் வார்டில் 6 நாள் வரை வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும், எண்ணிக்கை வைத்துப் போடுவதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் சூடாவதைப் பார்த்துப் பெருவின் மீனவர்கள் வைத்த பெயர்தான் எல் நினோ. அது வலுத்த ஆண்டுகளில், எப்போதும் காய்ந்து கிடக்கும் வடகரையில் வெள்ளம் வரும். 1983, 1998, 2017 ஆகிய ஆண்டுகளில் பியூரா பக்கம் பாலங்களும் சாலைகளும் போயின. அப்படிப்பட்ட ஆண்டில் ட்ருஹியோ, மன்கோராவைத் தவிர்த்துத் தெற்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடல் சூடு பற்றி என்ஃபென் என்ற அரசுக் குழு அறிக்கை வெளியிடுகிறது. செனாமி என்ற வானிலைத் துறை தினசரி எச்சரிக்கை தருகிறது. ஸ்பானிய மொழியில்தான் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தால் போதும்.

குஸ்கோ விமான நிலையம் மலைகளுக்கு நடுவே இருப்பதால் மேகம் இறங்கினால் விமானங்கள் தாமதமாகும், சில நாள் ரத்தாகும். ஊர் திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முந்தைய நாளே லீமாவுக்கு வந்துவிடுங்கள். வறண்ட மாதத்தில் ஓர் இரவு போதும். ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு இரவு வையுங்கள்.